அழாதே பெண்ணே: ரெகே பாடல்களில் நம்பிக்கையும் அமைதியும்

கல்லூரி விடுதியில் எங்கள் எதிர் அறைக்காரன் காதலில் தோற்றுத் திரும்பிய அன்று கதவில் ஒரு தாளை ஒட்டினான். ஜமைக்காவின் ரெகே பாடகர் பாப் மார்லியின் ‘நோ வுமன் நோ க்ரை’ பாட்டின் தலைப்பு. அதற்குக் கீழே அவனே எழுதிய பொழிப்புரை: “பெண் இல்லையேல் அழுகை இல்லை.” விடுதியே கைதட்டியது. அதற்கப்புறம் பத்து வருடமாவது அந்த அர்த்தத்தோடுதான் நான் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அர்த்தம் நேர் எதிர். ஜமைக்காக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது பட்வா என்னும் மொழி. ஆங்கிலச் சொற்களும் மேற்கு ஆப்பிரிக்க மொழிகளின் நடையும் கலந்து பிறந்தது. அதில் அந்த இரண்டாவது ‘நோ’வுக்குச் ‘செய்யாதே’ என்று பொருள். ஆக, “வேண்டாம் பெண்ணே, அழாதே” என்பதுதான் தலைப்பு. எங்கள் ஆள் சாபமாக ஒட்டியது உண்மையில் ஓர் ஆறுதல்.

எங்கே, எந்த நிலைமையில் சொன்ன ஆறுதல் என்று பார்த்தால் பாட்டு இன்னும் திறக்கும். ஜமைக்காவின் தலைநகரான கிங்ஸ்டனின் ஏழைப் பகுதி ட்ரெஞ்ச் டவுன். 1940களில் அரசு அங்கே குடியிருப்புகள் கட்டிக் கொடுத்தது. நடுவில் ஒரு முற்றம், சுற்றிலும் சின்னச் சின்ன அறைகள், எல்லாருக்கும் பொதுவாகச் சமையலறை, பொதுவாகக் குழாய். சென்னையில் ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தவர்களுக்கு இதைப் படம் வரைந்து காட்ட வேண்டியதில்லை. பாட்டில் ஒருவர் அந்த முற்றத்தை நினைத்துப் பார்க்கிறார். ஜார்ஜி என்பவர் ராத்திரி முழுக்க விறகு எரியும்படி நெருப்பு மூட்டுகிறார். சோளமாவுக் கஞ்சி கொதிக்கிறது. இருப்பதைப் பங்கிட்டுக் குடிக்கிறார்கள். நல்ல நண்பர்கள் சிலர் கிடைத்தார்கள், சிலர் போய்விட்டார்கள். இதையெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்ற வரி வருகிறது. ஒரு தடவை சொன்னால் நம்ப மாட்டார்கள் என்பது போலத் திரும்பத் திரும்ப வருகிறது.

துக்க வீட்டில் கையைப் பிடித்துக்கொண்டு நாமும் இதையேதான் சொல்கிறோம். சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும், நாளைக்கே எதுவும் சரியாகிவிடாது என்று. ஆனாலும் சொல்லாமல் வர முடிவதில்லை. ரெகேயில் வரும் நம்பிக்கையை இந்த இடத்திலிருந்து தொடங்கினால் சுலபமாகப் பிடிபடும். கடற்கரை, தென்னை மரம், சாய்வு நாற்காலி என்ற விளம்பரப் படத்திலிருந்து தொடங்கினால் பிடிபடாது. நம்பிக்கை, அமைதி என்ற இரண்டு சொற்களும் இந்த இசையில் அடிக்கடி வருகின்றன. ஆனால் அவை பசிக்குப் பக்கத்திலும் துப்பாக்கிச் சத்தத்துக்குப் பக்கத்திலும்தான் வருகின்றன.

ஒரு சின்னத் தீவு

ஜமைக்கா கரிபியன் கடலில் இருக்கிறது. பரப்பளவில் இலங்கையின் ஆறில் ஒரு பங்குதான். 1655இல் ஸ்பெயினிடமிருந்து பிரிட்டன் அதைப் பிடித்தது. கரும்புத் தோட்டங்கள் வந்தன, அவற்றில் வேலை செய்ய ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கப்பல் கப்பலாக இறக்கினார்கள். 1838இல்தான் அடிமை முறை முழுமையாக முடிந்தது. அப்புறம் தோட்டங்களுக்கு ஆள் போதாமல் போக, 1845 முதல் 1917 வரை இந்தியாவிலிருந்து சுமார் 36,000 பேரை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோனார்கள். பெரும்பாலானோர் வட இந்தியர்கள். கஞ்சாவுக்கு ஜமைக்காவில் இன்றைக்கும் ‘கஞ்சா’ என்றே பெயர் இருப்பது அவர்கள் கொண்டுபோன சொல்லால்தான். ரெகே என்றதும் அந்தப் புகைதான் நினைவுக்கு வருகிறது என்பவர்களுக்காக இந்தத் தகவல். கட்டுரை அந்தப் பக்கம் போகப் போவதில்லை.

1962 ஆகஸ்ட் 6ஆம் தேதி தீவு விடுதலை பெற்றது. அந்தச் சமயத்தில் ஊரெல்லாம் ஆடியது ‘ஸ்கா’ என்ற வேகமான இசை. சில வருடங்களில் வேகம் குறைந்து ‘ராக்ஸ்டெடி’ ஆனது, இன்னும் கொஞ்சம் குறைந்து, பேஸ் கித்தாரின் கனம் கூடி, 1968 வாக்கில் ரெகே ஆனது. அந்த வருடம் டூட்ஸ் ஹிபர்ட்டின் குழு வெளியிட்ட ஒரு பாட்டின் தலைப்பில்தான் அந்தப் பெயர் முதலில் பிரபலமானது. வேகம் குறையக் குறைய இசையில் பேச இடம் கிடைத்தது என்று எனக்குத் தோன்றும். விடுதலை வந்தும் வேலை வரவில்லை, சோறு வரவில்லை. கிராமத்தை விட்டுக் கிங்ஸ்டனுக்கு வந்தவர்கள் தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்கள். பேச நிறைய இருந்தது.

விடப்பட்ட முதல் அடி

சொற்களுக்குப் போவதற்கு முன்னால் தாளத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். மேசையில் விரலால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நிதானமாகத் தட்டிக்கொண்டே போங்கள். இயல்பாக ‘ஒன்று’தான் பலமாக விழும். கர்நாடக இசையில் அதைச் சமம் என்கிறோம். ராக் இசையிலும் ட்ரம்ஸின் பெரிய முரசு அங்கேதான் விழும். ரெகேயில் அந்த ஒன்றை முரசு அடிக்காமல் விட்டுவிடுகிறது. இரண்டில் கித்தார் ‘சக்’ என்று சுருக்கமாக வெட்டுகிறது. மூன்றில்தான் பெரிய முரசும் ஸ்நேர் என்னும் சின்ன முரசும் சேர்ந்து இறங்குகின்றன. நான்கில் மறுபடி கித்தார். இதற்கு ‘ஒன் ட்ராப்’ என்று பெயர். மார்லியின் குழுவில் ட்ரம்ஸ் வாசித்த கார்ல்டன் பேரட் இதில் மன்னன். அவருடைய அண்ணன் ஆஸ்டன் பேரட் வாசித்த பேஸ் கித்தார் அடியில் தனியாக ஒரு பாட்டே பாடிக்கொண்டிருக்கும்.

இப்போது அதே தட்டலில் முதல் தட்டை மட்டும் காற்றில் விட்டுவிடுங்கள். உடம்பு தானாகக் கொஞ்சம் முன்னால் சாய்ந்து மூன்றாவது அடிக்காகக் காத்திருப்பதைக் கவனிக்கலாம். நம் பாகவதர்கள் சமத்தில் எடுக்காமல் இடம் தள்ளி எடுக்கும்போது தலையாட்டிக்கொண்டே காத்திருப்போமே, ஏறக்குறைய அது மாதிரி. வர வேண்டிய இடத்தில் வரவில்லை, ஆனால் வராமல் போகாது. ரெகேயின் நம்பிக்கை பாதி இந்தத் தாளத்திலேயே இருக்கிறது என்பது என் எண்ணம். இசைக்காரர்கள் சிரிக்கலாம்.

எல்லா ரெகேயும் இப்படி இல்லை. 1977இல் வந்த மார்லியின் ‘எக்ஸோடஸ்’ பாட்டில் முரசு நான்கு அடியிலும் விழுகிறது. அது காத்திருக்கும் பாட்டு இல்லை, நடக்கும் பாட்டு. எகிப்திலிருந்து மோசேயின் பின்னால் ஜனங்கள் கிளம்பிய பைபிள் கதைதான் தலைப்பு. ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடுகிற அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டே நடந்தால் கால் அதன் கணக்குக்கு மாறிவிடும்.

பாபிலோன், சீயோன்

தமிழில் ‘நம்பிக்கை’ என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. கடவுள் நம்பிக்கை என்கிறோம். மழை வரும் என்று நம்பிக்கையாக இருக்கிறேன் என்றும் சொல்கிறோம். கிறிஸ்தவ வழக்கில் முதலாவதை விசுவாசம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். ரெகேயைப் பொறுத்தவரை பிரிக்காமல் இருப்பதே வசதி. அங்கே நாளை விடியும் என்ற எதிர்பார்ப்பு ஒரு மத விசுவாசத்திலிருந்துதான் கிளம்புகிறது. அந்த மதம் ராஸ்தஃபாரி.

1930 நவம்பர் 2ஆம் தேதி எத்தியோப்பியாவில் ராஸ் தஃபாரி என்பவர் ஹைலே செலாசி என்ற பெயரில் பேரரசராக முடிசூடினார். உலகமெங்கும் கறுப்பின மக்கள் வெள்ளையர் ஆட்சிக்குக் கீழே இருந்த காலம். ஜமைக்காவில் பிறந்த மார்கஸ் கார்வி அதற்கு முன்பே ‘ஆப்பிரிக்காதான் நம் தாய்வீடு, தலை நிமிருங்கள்’ என்று பேசி லட்சக்கணக்கானோரைத் திரட்டியிருந்தார். இந்த இரண்டும் கிங்ஸ்டனின் ஏழைகள் மனதில் சேர்ந்தன. தங்கள் நிறத்தில் ஒரு பேரரசர்! அவரையே கடவுளின் வடிவமாகக் கொண்டார்கள். கடவுளுக்கு அவர்கள் வைத்த பெயர் ‘ஜா’. முடியை வெட்டாமல் சடையாக வளர்த்தார்கள். ஊர் அவர்களைக் கிறுக்கர்கள் என்றது. 1963இல் கோரல் கார்டன்ஸ் என்ற இடத்தில் நடந்த மோதலுக்குப் பிறகு போலீஸ் ராஸ்தாக்களைத் தேடித் தேடிப் பிடித்தது, அடித்தது, சடையை அறுத்தது. அரசு அதற்கு மன்னிப்புக் கேட்க 2017 வரை ஆனது. 1966 ஏப்ரலில் செலாசியே ஜமைக்காவுக்கு வந்து இறங்கியபோது விமான நிலையத்தில் கூடிய கூட்டத்தைப் பார்த்துத்தான் ஊருக்கு விஷயம் புரிந்தது.

இவர்கள் பைபிளைத் தங்கள் கதையாகவே படித்தார்கள். யூதர்களைச் சிறைபிடித்துக் கொண்டுபோன நகரம் பாபிலோன். அவர்கள் ஏங்கிய தாயகம் சீயோன். ராஸ்தாக்களுக்கு அடிமைக் கப்பலில் வந்து இறங்கிய இந்த இடம் பாபிலோன், ஆப்பிரிக்கா சீயோன். போலீஸ்காரர், நீதிமன்றம், வட்டிக்காரர், அதிகாரத்தில் இருக்கும் எல்லாமே பாபிலோன். ரெகே பாட்டில் இந்தச் சொல் வந்தால் பழைய ஈராக்கைத் தேடிப் போக வேண்டாம். மூலையில் நிற்கும் ஜீப்பைப் பார்த்தால் போதும்.

இதற்கு நல்ல உதாரணம் மெலோடியன்ஸ் குழு 1970இல் பாடிய ‘ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்’. சங்கீதம் 137ஐத் தேவாலயத்தில் கேட்டவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: பாபிலோன் ஆறுகளின் ஓரத்தில் உட்கார்ந்து சீயோனை நினைத்து அழுகிறார்கள். சிறைபிடித்தவர்கள் ‘உங்கள் ஊர்ப் பாட்டு ஒன்று பாடுங்கள்’ என்கிறார்கள். அந்நிய தேசத்தில் எப்படிப் பாடுவது? பைபிளில் அந்தச் சங்கீதம் முடியும் இடம் பயங்கரமானது. எதிரியின் குழந்தைகளைக் கல்லில் மோதச் சொல்லும் பழிவெறி. மெலோடியன்ஸ் அந்த முடிவைத் தொடவில்லை. அதற்குப் பதிலாகச் சங்கீதம் 19இன் கடைசி வரியை எடுத்து ஒட்டினார்கள்: என் வாயின் வார்த்தைகளும் என் இருதயத்தின் தியானமும் உமக்குப் பிரியமாக இருக்கட்டும். பழி வாங்கும் இடத்தில் ஒரு பிரார்த்தனை. மற்றபடி வரிகள் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கின்றன. ‘கர்த்தரின் பாட்டு’ என்று வரும் இடத்தில் மட்டும் ராஸ்தாக்களின் அரசர் பெயரைப் போட்டிருக்கிறார்கள். 1978இல் போனி எம் குழு இதை டிஸ்கோ ஆக்கியபோது அதை மறுபடி ‘கர்த்தர்’ என்று மாற்றிவிட்டது. நம் ஊரில் பலருக்கு முதலில் வந்து சேர்ந்தது அந்த வடிவம்தான். நானும் அதைக் கேட்டு ஆடியிருக்கிறேன், சிறைபட்டவர்களின் அழுகை என்று தெரியாமல்.

ராஸ்தாக்கள் மொழியையும் திருத்திக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் ‘நாங்கள்’, ‘நீயும் நானும்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவர்கள் ‘ஐ அண்ட் ஐ’ என்பார்கள், ‘நானும் நானும்’. எதிரில் இருப்பவரும் ஒரு ‘நான்’தான், அவருக்குள்ளும் அதே ஜா இருக்கிறார் என்பது கணக்கு. பாட்டுகளில் இது அடிக்கடி காதில் விழும். அமைதி பற்றி அவர்கள் பாடியதற்கெல்லாம் இந்த இரண்டு எழுத்து இலக்கணம்தான் அடிப்படை என்று நினைக்கிறேன்.

நம்பிக்கை என்றால் எதிர்காலத்தைப் பார்ப்பது என்று நினைப்போம். ரெகேயில் பின்னால் திரும்பிப் பார்ப்பதும் அதில் அடக்கம். பர்னிங் ஸ்பியர் என்ற பெயரில் பாடும் வின்ஸ்டன் ராட்னி 1975இல் மார்கஸ் கார்வி பெயரிலேயே ஓர் ஆல்பம் வெளியிட்டார். அதில் ஒரு பாட்டு முழுக்க ஒரே கேள்வி: அடிமைக் காலம் உங்களுக்கு நினைவிருக்கிறதா? அடித்தார்கள், நினைவிருக்கிறதா? வேலை வாங்கினார்கள், நினைவிருக்கிறதா? மந்திரம் மாதிரி ஓதிக்கொண்டே போவார். கேட்டு முடித்ததும் மனம் சோர்ந்துபோகும் என்று எதிர்பார்த்தேன். நடந்தது வேறு. இத்தனையையும் தாண்டி வந்தவர்கள் இங்கே நின்று பாடுகிறார்கள் என்பதே தெம்பாக இருந்தது.

சமாதானம் வேறு, சத்தமில்லாமை வேறு

அமைதிக்கு வருவோம். இந்தச் சொல்லிலும் தமிழ் ஒரு பொறி வைத்திருக்கிறது. வாத்தியார் பிரம்பால் மேசையைத் தட்டி ‘அமைதி!’ என்றால் வாயை மூடு என்று அர்த்தம். இரண்டு நாடுகள் சண்டையை நிறுத்தினால் அதுவும் அமைதி. ரெகே பாடகர்களுக்குள் நடந்த பெரிய வாக்குவாதமே இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

1963 அக்டோபர் 4ஆம் தேதி ஹைலே செலாசி ஐ.நா. பொதுச் சபையில் பேசினார். 1935இல் இத்தாலி தன் நாட்டின் மீது படையெடுத்த பிறகு, 1936இல் ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின் முன் நின்று முறையிட்டவர் அவர். அன்று யாரும் உதவிக்கு வரவில்லை. இந்தத் தடவை அவர் சொன்னதன் சாரம்: ஓர் இனம் உயர்ந்தது, இன்னோர் இனம் தாழ்ந்தது என்ற எண்ணம் ஒழியும்வரை, ஒருவருடைய தோலின் நிறத்துக்கு அவர் கண்ணின் நிறத்துக்கு இருப்பதைவிட அதிக முக்கியத்துவம் இருக்கும்வரை, நிரந்தர சமாதானம் வெறும் கனவுதான். 1976இல் மார்லி இந்தப் பேச்சின் ஒரு பகுதியை எடுத்து, கிட்டத்தட்ட வார்த்தை மாற்றாமல், இசைக்குள் வைத்தார். பாட்டுக்குத் தலைப்பு ‘வார்’, அதாவது போர். சமாதானத்துக்கான ஓர் உரை, போர் என்ற பெயரில்! ஒவ்வொரு நிபந்தனையும் முடிந்ததும் ‘போர்’ என்ற சொல் விழும். நிபந்தனை நிறைவேறாதவரை போர்தான், வேறு பெயர் வைக்காதே என்பது போல. மெட்டு என்று பெரிதாக எதுவும் இல்லை. பேஸ் கித்தார் சுற்றிச் சுற்றி வர, ஒரு மனிதர் அறிக்கை வாசிக்கிற மாதிரிதான் இருக்கும். ஐ.நா. தீர்மானத்தை இப்படி வாசித்தால் நாமும் கேட்போம்.

மார்லியோடு ஒரே குழுவில் தொடங்கிய பீட்டர் டாஷ் இன்னும் கறாரானவர். 1977இல் வந்த ‘ஈக்வல் ரைட்ஸ்’ பாட்டில் அவர் சொல்வது இது: எல்லாரும் சமாதானம் வேண்டும் என்று கூவுகிறார்கள், நீதி வேண்டும் என்று ஒருவரும் கூவுவதில்லை, எனக்குச் சமாதானம் வேண்டாம், சம உரிமையும் நீதியும்தான் வேண்டும். அதை அவர் வெறும் பாட்டாக விட்டுவிடவில்லை. அதற்கு மேடை அடுத்த வருடமே வந்தது.

அந்த மேடையின் பின்னணியைச் சொல்லியாக வேண்டும். 1970களில் ஜமைக்காவில் இரண்டு பெரிய கட்சிகள். மைக்கேல் மேன்லியின் மக்கள் தேசியக் கட்சி, எட்வர்ட் சியாகாவின் ஜமைக்கா தொழிற்கட்சி. கிங்ஸ்டனின் ஏழைப் பகுதிகளைத் தெருத் தெருவாகப் பங்கு போட்டுக்கொண்டு, கட்சிக்கொரு அடியாள் கூட்டம், கையில் துப்பாக்கி. தெரு மாறிப் போனால் உயிர் போகும். 1976 டிசம்பர் 5ஆம் தேதி கட்சி சார்பில்லாத இலவசக் கச்சேரி ஒன்றைத் தர மார்லி ஒப்புக்கொண்டார். தேர்தல் நெருங்கியிருந்ததால் ஆளுங்கட்சிக்கு ஆதரவு என்று பேச்சு கிளம்பியது. கச்சேரிக்கு இரண்டு நாள் முன்னால், டிசம்பர் 3 இரவு, ஹோப் ரோடு 56ஆம் எண் வீட்டுக்குள் துப்பாக்கிக்காரர்கள் புகுந்தார்கள். மார்லிக்கு மார்பை உரசிக் கையில் ஒரு குண்டு. மனைவி ரீட்டாவுக்குத் தலையில். மேனேஜர் டான் டெய்லருக்குப் பல குண்டுகள். அதிசயம், யாரும் சாகவில்லை. இரண்டு நாள் கழித்துக் கட்டோடு மேடையேறிப் பாடினார் மார்லி. அப்புறம் நாட்டை விட்டுக் கிளம்பி லண்டன் போய்விட்டார். அந்தத் தெருவின் பெயருக்கு ‘நம்பிக்கைச் சாலை’ என்று அர்த்தம் சொல்லி உருகுகிறவர்கள் உண்டு. ஹோப் என்பது பழைய தோட்ட முதலாளி ஒருவரின் பெயர், அவ்வளவுதான்.

லண்டனில் 1977இல் பதிவானதுதான் ‘எக்ஸோடஸ்’ ஆல்பம். இதன் இசைத்தட்டில் முதல் பக்கம் முழுக்க குற்றம், துரோகம், பகைவர், புறப்பாடு. இரண்டாம் பக்கம் திருப்பினால் காதல் பாட்டுகள், அதற்கப்புறம் ‘த்ரீ லிட்டில் பேர்ட்ஸ்’: காலையில் எழுந்தால் வாசற்படியில் மூன்று சின்னக் குருவிகள், கவலைப்படாதே என்று பாடுகின்றன. குழந்தைகள் பள்ளியில் பாடும் பாட்டாகிவிட்டது அது. ஆறு மாதத்துக்கு முன்னால் வீட்டு வாசலில் துப்பாக்கி வந்து நின்ற ஒரு மனிதரின் குரலில் அது வெளியானது என்று தெரிந்த பிறகு, அந்த வாசற்படி எனக்கு வேறு மாதிரிதான் தெரிகிறது.

1978 தொடக்கத்தில் கிங்ஸ்டனின் எதிரெதிர் கூட்டத் தலைவர்கள் க்ளாடி மாசப், பக்கி மார்ஷல் இருவரும் சண்டை நிறுத்தம் அறிவித்தார்கள். அதைக் கொண்டாட ஒரு கச்சேரி வேண்டும் என்று மார்லியைத் திரும்ப அழைத்தார்கள். ஏப்ரல் 22, தேசிய விளையாட்டரங்கம், ‘ஒன் லவ் பீஸ் கான்செர்ட்’. முப்பதாயிரம் பேர் அளவுக்குக் கூட்டம். முன்வரிசையில் பிரதமர் மேன்லியும் எதிர்க்கட்சித் தலைவர் சியாகாவும் அமைச்சர்களும். டாஷ் மேடையேறிப் பாட்டுக்கு நடுவில் அவர்களைப் பார்த்து விளாசினார். எனக்கு இந்தச் சமாதானம் வேண்டாம், சமத்துவம் வேண்டும் என்று அங்கேயும் சொன்னார். படம் பிடிக்க வேண்டாம் என்று கேமராக்காரர்களை நிறுத்தச் சொன்னதால் அந்தப் பேச்சு ஒலியாக மட்டுமே மிஞ்சியது. அந்த வருடம் செப்டம்பரில் அவரைப் போலீஸ் பிடித்துக்கொண்டுபோய் நன்றாக அடித்து அனுப்பியது.

கடைசியாக மார்லி. ‘ஜாமிங்’ பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது, ஏதோ அருள் வந்தவர் மாதிரி ஆடிக்கொண்டே, மேன்லியையும் சியாகாவையும் மேடைக்குக் கூப்பிட்டார். வராமல் இருக்க முடியாது, ஊரே பார்க்கிறது. இருவரும் வந்தார்கள். இரண்டு பேர் கையையும் பிடித்துத் தன் தலைக்கு மேலே உயர்த்திச் சேர்த்தார் மார்லி. அந்தப் புகைப்படத்தைத் தேடிப் பாருங்கள். நடுவில் சடை பறக்க ஒருவர் உலகத்தையே மறந்திருக்கிறார். இரண்டு பக்கமும் இருப்பவர்கள் சம்பந்தி வீட்டுக் குரூப் போட்டோவுக்குக் கட்டாயப்படுத்தி நிறுத்தியது போல நிற்கிறார்கள்.

சமாதானம் நிலைத்ததா? இல்லை. மாசப்பை 1979 பிப்ரவரியில் போலீஸ் சுட்டுக் கொன்றது. அடுத்த வருடம் பக்கி மார்ஷலும் நியூயார்க்கில் கொல்லப்பட்டார். 1980 தேர்தல் ஆண்டில் மட்டும் சுமார் 800 பேர் செத்தார்கள். அப்படியானால் டாஷ் சொன்னதுதான் சரியா? பெரும்பாலும் சரி என்றுதான் நான் சொல்வேன். நீதி இல்லாத கைகுலுக்கல் ஒரு ராத்திரிக்குத்தான் தாங்கும். ஆனாலும் அந்த ராத்திரி எதிரெதிர் தெருக்காரர்கள் ஒரே மைதானத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆடிவிட்டு உயிரோடு வீடு திரும்பினார்கள். அங்கே இருந்தவர்களுக்கு அது சின்ன விஷயமாக இருந்திருக்காது.

மார்லிக்கு வேறோர் இரவும் வாய்த்தது. 1980 ஏப்ரல் 17 நள்ளிரவு ஜிம்பாப்வே விடுதலை பெற்றபோது, ருஃபாரோ அரங்கில் பாட அவரை அழைத்திருந்தார்கள். அந்த நாட்டின் பெயரிலேயே முந்தின வருடம் அவர் ஒரு பாட்டு வெளியிட்டிருந்தார். கருவிகளைக் கொண்டுபோகும் செலவைத் தானே ஏற்றுக்கொண்டார். உள்ளே இடம் கிடைக்காத ஜனங்கள் வெளியே முண்டியடிக்க, போலீஸ் கண்ணீர்ப் புகை வீச, அது மேடைவரை வந்தது. விடுதலையின் முதல் இரவிலேயே கண்ணீர்ப் புகை. பாடகர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்ப வந்து பாடினார்கள். ருஃபாரோ என்றால் அங்கத்திய ஷோனா மொழியில் மகிழ்ச்சி என்று பொருளாம்.

எப்படி இதமான இசை ஆனது

1981 மே 11இல், 36 வயதில், புற்றுநோயால் மார்லி இறந்தார். 1984இல் அவருடைய பாடல்களைத் தொகுத்து ‘லெஜண்ட்’ என்ற ஆல்பம் வந்தது. கோடிக்கணக்கில் விற்றது. என்னிடமும் அதன் கேசட்தான் இருந்தது. அதில் காதல் பாட்டும் கொண்டாட்டப் பாட்டும்தான் அதிகம். ‘வார்’ இல்லை. குற்றம் சொல்ல முடியாது, விற்க வேண்டுமே. ஆனால் உலகத்தில் பலர் ரெகேயை அந்தக் கேசட்டின் வழியாகவே அறிந்தார்கள். அப்புறம் ஜமைக்கா சுற்றுலாத் துறை ‘ஒன் லவ்’ பாட்டைத் தன் விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டது. எல்லாரும் கூடி வாருங்கள் என்ற பல்லவி மட்டும் போதும் அவர்களுக்கு. மனிதகுலத்தையே நோகடித்துத் தன்னைக் காத்துக்கொள்ளப் பார்த்த பாவிக்கு இடம் உண்டா என்று அதே பாட்டின் சரணம் கேட்பதை விளம்பரத்தில் வைத்தால் எந்த ஓட்டலுக்கு ஆள் வரும்?

இன்னொன்றையும் மறைக்க வேண்டாம். ரெகேயிலும் அதிலிருந்து பிறந்த டான்ஸ்ஹாலிலும் எல்லாப் பாட்டும் அன்பைப் பாடுவதில்லை. துப்பாக்கிப் பெருமை பாடியவை உண்டு, ஒருபாலீர்ப்பினரைக் கொல்லச் சொல்லிப் பாடியவை உண்டு. ‘நானும் நானும்’ என்ற இலக்கணம் எல்லாருக்கும் நீளவில்லை. பெண்களுக்கும் மேடையின் பின்வரிசைதான் அதிகம் கிடைத்தது. மார்லிக்குப் பின்பாட்டுப் பாடிய மூவரில் ஒருவரான ஜூடி மோவாட், 1979இல் ‘பிளாக் வுமன்’ என்ற தன் ஆல்பத்தோடு முன்னால் வந்து நின்றார். கேட்டுப் பாருங்கள்.

2018இல் யுனெஸ்கோ ஜமைக்காவின் ரெகேயை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. முடியை அறுத்துச் சிறையில் போட்ட ஆட்களின் இசைக்கு அரசே போய் விண்ணப்பம் கொடுத்து வாங்கிய சான்றிதழ்.

புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் எதிலிருந்து தொடங்குவது? என்னைக் கேட்டால், மார்லியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஜிம்மி கிளிஃபின் ‘மெனி ரிவர்ஸ் டு க்ராஸ்’ முதலில். தாண்ட வேண்டிய ஆறுகள் இன்னும் எத்தனையோ இருக்கின்றன, வழிதான் தெரியவில்லை என்று தொடங்கும் 1969ஆம் வருடத்துப் பாட்டு. சோகம்தான், ஆனால் அந்தக் குரல் விழுந்து கிடக்கும் குரல் இல்லை. அடுத்து மெலோடியன்ஸ். அப்புறம் தென்னாப்பிரிக்காவின் லக்கி டூபே, நிறவெறி ஆட்சி நடந்துகொண்டிருந்தபோதே எல்லாரும் ஒன்றாக இருப்போம் என்று பாடியவர். 2007இல் ஜோகன்னஸ்பர்க் தெருவில் காரைப் பறிக்க வந்தவர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். இதற்குப் பிறகு ‘வார்’, அதற்குப் பிறகு ‘ஈக்வல் ரைட்ஸ்’. கடைசியில் ‘ரிடெம்ப்ஷன் சாங்’. 1980இல் வந்த அதில் ட்ரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை, ஒரு மனிதரும் ஒரு கித்தாரும்தான். மன அடிமைத்தனத்திலிருந்து உங்களை நீங்களே விடுவித்துக்கொள்ளுங்கள் என்று அதில் வரும் வரி, 1937இல் கனடாவில் மார்கஸ் கார்வி பேசிய பேச்சிலிருந்து வந்தது. போன் ஸ்பீக்கரில் கேட்க வேண்டாம். பேஸ் கித்தார் காணாமல் போய்விடும், பாதி அர்த்தமும் போய்விடும்.

அந்த முற்றத்துப் பாட்டு ‘நோ வுமன் நோ க்ரை’யைப் பற்றி ஒன்று பாக்கி. இசைத்தட்டில் அதை எழுதியவர் என்று மார்லியின் பெயர் இல்லை, வின்சென்ட் ஃபோர்டு என்று இருக்கிறது. ட்ரெஞ்ச் டவுனில் மார்லி இளைஞனாக இருந்தபோது சோறு போட்ட ஆட்களில் ஒருவர் அவர். ஏழைகளுக்காக அங்கே ஒரு கஞ்சிக்கூடம் நடத்தினார். பின்னாளில் நீரிழிவு நோயில் இரண்டு கால்களையும் இழந்தார். பாட்டை உண்மையில் எழுதியது யார் என்று கோர்ட்டு வரை போனார்கள். ராயல்டி ஃபோர்டுக்குப் போய்ச் சேரட்டும், கஞ்சிக்கூடம் நடக்கட்டும் என்றுதான் மார்லி அவர் பெயரைப் போட்டார் என்று ட்ரெஞ்ச் டவுனில் சொல்வார்கள். ஃபோர்டு 2008 டிசம்பரில் இறந்தார். பெயர் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.